மலையில் ஒட்டும், நிலக்கோட்டையில் ஒட்டாது

காடோலினியம் என்ற உலோகத்துக்கு ஒரு குணம் உண்டு. சுமார் 20 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருக்கும்வரை அது இரும்பைப் போலக் காந்தத்தில் ஒட்டும். அதற்கு மேல் சூடேறினால் பிடி விட்டுப்போகும். இந்த எல்லையைக் கியூரி வெப்பநிலை என்கிறோம். இரும்புக்கு அது 770 டிகிரி. கோபால்ட்டுக்கு 1,100-ஐத் தாண்டும். அவை காந்தத்தன்மையை இழப்பதைப் பார்க்க உலை வேண்டும். காடோலினியத்துக்கு எங்கள் திண்டுக்கல் மாவட்டமே போதும். மார்கழிக் காலையில் கொடைக்கானலில் அது காந்தப் பொருள். சித்திரை மதியம் நிலக்கோட்டையில் சாம்பல் நிறத்தில் ஒரு உலோகத்துண்டு, அவ்வளவுதான். இப்போது கிடைக்கிற நியோடிமியம் காந்தத்தைக் கொண்டுபோனால் நிலக்கோட்டையிலும் மெல்லிய இழுப்பு ஒன்று கைக்குத் தெரியும். பழைய ஸ்பீக்கர் காந்தத்துக்கு அது அசைந்துகொடுக்காது.

நான் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்டது இந்தக் காடோலினியத்தையும் இரும்பையும் மாறி மாறிப் படியவைத்த மெல்லிய படலங்களை. ஒவ்வொரு அடுக்கும் சில நானோமீட்டர் தடிமன். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு நானோமீட்டர். அதற்குள் மூன்று முதல் ஐந்து அணு அடுக்குகள்தான் இருக்கும். அருமண் உலோகமான காடோலினியமும் இடைநிலை உலோகமான இரும்பும் அவ்வளவு நெருக்கத்தில் அடுக்கடுக்காகக் கிடந்தால் அவற்றின் காந்தத்தன்மை என்ன ஆகிறது என்பதே கேள்வி. அந்தக் கேள்வியை என் வழிகாட்டி எனக்கு ஆங்கிலத்தில் கொடுத்தார். அதைத் தெளிவாக என்னிடம் கேட்டவர் என் அப்பா.

அப்பா நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் கணக்கு எழுதினார். எங்களுக்கு அரை ஏக்கரில் மல்லியும் இருந்தது. விடியுமுன்னே அம்மாவும் சித்தியும் தலையில் டார்ச் கட்டிக்கொண்டு மொட்டுப் பறிப்பார்கள். வெயில் ஏறுமுன் பூ எடைத்தட்டுக்குப் போயாக வேண்டும். மொட்டு வாய் திறந்துவிட்டால் விலை இறங்கிவிடும். மார்கழி, தை மாதங்களில் பனியால் பூ குறையும், விலை எகிறும். வெப்பம் ஒரு பொருளை என்ன செய்யும் என்பது எங்கள் வீட்டில் தினசரிப் பேச்சு.

எங்கள் பக்கத்தில் காந்தம் என்றால் ஸ்பீக்கர் காந்தம்தான். பஸ் ஸ்டாண்டு பக்கம் ரேடியோ ரிப்பேர் கடையில் கிழிந்துபோன ஸ்பீக்கரைக் கேட்டு வாங்கி, காந்த வளையத்தைக் கழற்றி, அதில் நூல் கட்டி மண்ணில் இழுத்துக்கொண்டு போவோம். அணைப்பட்டியில் வைகை மணலில் இழுத்தால் கருமணல் அப்பிக்கொண்டு வரும். அந்த வளையம் ஒன்று கடைசிவரை எங்கள் வீட்டு அலமாரியில் கிடந்தது. காந்திகிராமத்தில் எம்.எஸ்ஸி. முடித்து, ஆராய்ச்சிக்குச் சென்னை போன பிறகும் அம்மா அதைத் தூக்கி எறியவில்லை.

2004 சித்திரையில் ஊருக்கு வந்தபோது ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டியில் காடோலினியத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்தேன். தகட்டை வெட்டியதில் மிஞ்சிய துண்டு. காற்றுப் படாமல் இருக்கப் பாரஃபின் எண்ணெயில் போட்டிருந்தது. அருமண் உலோகங்களைக் காற்றில் வைத்தால் மெல்ல ஆக்சைடாக மாறிவிடும். அப்பா புட்டியைத் தூக்கிப் பார்த்தார்.

“இது என்ன பாப்பா, ஈயமா?”

“காடோலினியம்ப்பா. நான் வேலை செய்யறது இதுலதான்.”

அவர் எழுந்துபோய் அலமாரியிலிருந்த வளையத்தை எடுத்துவந்து புட்டியோடு ஒட்டி வைத்தார். துண்டு நகரவில்லை.

“ஒட்டலையே. காந்தத்தப் பத்திப் படிக்கிறேன்னு சொன்ன?”

“இங்க சூடு ஜாஸ்திப்பா. குளுந்தா ஒட்டும்.”

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் என்னை மார்க்கெட்டுக்கு வரச்சொன்னார். வெளியூர் போகிற பூவைத் தெர்மாக்கோல் பெட்டியில் ஐஸ் வைத்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள். புட்டியை அந்த ஐஸுக்குள் செருகிவிட்டுக் கணக்கு எழுதப் போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து வந்து எடுத்தார். வேட்டியில் துடைத்து, காந்த வளையத்தைக் கிட்டக் கொண்டுபோனதும் துண்டு எண்ணெய்க்குள் எழும்பிக் கண்ணாடியில் டக்கென்று ஒட்டியது. மூட்டை இறக்குகிற அண்ணன்கள் இருவர் கூடிவிட்டார்கள். அப்பா வளையத்தை எடுத்துவிட்டுப் புட்டியை உள்ளங்கையில் மூடிப் பிடித்தார். சற்று நேரத்தில் மறுபடி ஒட்டாமல் போனது. உடம்புச் சூடே அதன் காந்தத்தன்மையைக் கலைத்துவிடும். திரும்ப ஐஸில் வைத்தார், ஒட்டியது.

“குளுந்தா திரும்ப வருதே. அப்ப சூட்டுல அது எங்க போயிருந்துச்சு?”

இந்தக் கேள்விக்கு நான் அங்கேயே, பூ வாசத்தின் நடுவே பதில் சொன்னேன். எங்கும் போகவில்லை. காடோலினியத்தின் ஒவ்வொரு அணுவும் தனித்தனியே ஒரு குட்டிக் காந்தம். அதன் உள்ளே 4எஃப் என்ற ஆழமான கூட்டில் ஏழு எலக்ட்ரான்கள் ஒரே திசையில் சுழற்சியோடு இருக்கின்றன. சூட்டிலும் அந்த ஏழும் அப்படியேதான் இருக்கும். அணுவுக்கு அணு திசை ஒத்துப்போவது மட்டும் சூட்டில் குலைந்துவிடுகிறது. குளிர்ந்தால் மறுபடி எல்லாம் ஒரு திசைக்கு வருகின்றன. அப்பா யோசித்துவிட்டுச் சொன்னார்: “அப்ப இரும்போட சேத்து வச்சா? இரும்பு வெயிலுக்கு அசையாதுல்ல. அது இதையும் பிடிச்சு நிறுத்துமா?”

இதுதான் என் ஆய்வின் கேள்வி. பத்தாவதுக்கு மேல் படிக்காத ஒரு மனிதர், ஒரு ஐஸ் பெட்டியை வைத்துக்கொண்டு அங்கே போய்ச் சேர்ந்தார். அருமண்–இடைநிலை உலோகப் படலங்களைப் பற்றி நான் பிறகு படித்ததெல்லாம் இந்தக் கேள்வியின் கிளைகள்தான் என்று இன்றும் நினைக்கிறேன்.

அந்த வருடம் மார்கழியில் இருவரும் கொடைக்கானல் போனோம். வத்தலக்குண்டில் பஸ் மாறி ஏறினோம். ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்தில், ஏரிக்கரைக் குளிரில், புட்டியை ஐஸில் வைக்கத் தேவையே இருக்கவில்லை. இறங்கும்போது அப்பா ஜன்னல் ஓரத்தில் காந்தத்தையும் புட்டியையும் பிடித்துக்கொண்டே வந்தார். பெருமாள்மலையில் பிடி உறுதியாக இருந்தது; டம்டம் பாறை தாண்டிய பிறகு துண்டு வழுக்க ஆரம்பித்தது; காட்ரோடு வந்தபோது புட்டியின் அடியில் கிடந்தது. கியூரி வெப்பநிலையை இதைவிடத் தெளிவாக எந்த ஆய்வகத்திலும் நான் பார்த்ததில்லை.

படலம் செய்வது வேறு உலகம். சிலிக்கான் தகட்டை வைரமுனைப் பேனாவால் கீறி உடைத்து, அசிட்டோனில் அலசி, உலோக அறைக்குள் வைத்துக் காற்றை உறிஞ்ச விட்டுவிட்டு இரவெல்லாம் காத்திருக்க வேண்டும். வளிமண்டல அழுத்தத்தில் நூறு கோடியில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கினால்தான் காடோலினியத்தைத் தொடலாம். பிறகு கொஞ்சம் ஆர்கான் வாயுவை விட்டு, மின்னழுத்தம் கொடுத்தால் ஊதா கலந்த ஒளி எழும். அந்த ஒளிக்குள் ஆர்கான் அயனிகள் உலோகத் தகட்டில் மோதி அணுக்களைத் தெறிக்க வைக்கின்றன. தெறித்த அணுக்கள் சிலிக்கானில் போய்ப் படிகின்றன. முதலில் அந்த உலோகத் தகட்டின் மேலேயே படிந்திருக்கும் ஆக்சைடு கழன்று போகும்வரை மூடியைத் திறக்கக் கூடாது. பிறகு இரும்பு சில நொடி, காடோலினியம் சில நொடி, மறுபடி இரும்பு. கடைசியில் காற்றுப் புகாமல் மேலே ஒரு காப்பு உலோகம். கண்ணுக்குத் தெரிவது ஒரு கண்ணாடிப் பளபளப்பு மட்டும். சரியாக வந்ததா என்று அறிய எக்ஸ் கதிரை மிகச் சாய்வாக அதன்மேல் விடுவோம். அடுக்குகளின் தடிமனுக்கு ஏற்ப அலையலையாக ஏறி இறங்கும் ஒரு கோடு கிடைக்கும். அந்த அலைகள் கூர்மையாக வந்துவிட்டால் அன்றைக்குச் சாப்பாடு இறங்கும்.

ஒரு ஆய்வகத்தில் படலம் படிந்துகொண்டிருந்தபோதே மின்சாரம் நின்று, பம்புகள் ஓய்ந்து, அறைக்குள் காற்றுக் கசிந்துவிட்டது. வெளியே எடுத்தபோது மேற்பரப்பு மங்கியிருந்தது. காடோலினியம் பாதி ஆக்சைடாகியிருந்தது. ஒரு வாரத் தயாரிப்பு போயிற்று. இந்த உலோகங்களோடு வேலை செய்கிறவர்களுக்குப் பெரிய எதிரி ஆக்சிஜன்தான்.

காந்தத்தன்மையை அளக்க இந்தூரில் உள்ள பல்கலைக்கழக மானியக்குழு–அணுசக்தித் துறை கூட்டமைப்பின் ஆய்வகத்துக்குப் போனேன். ஸ்க்விட் என்ற கருவி. அதன் உள்ளே மீக்கடத்தி வளையம் ஒன்று திரவ ஹீலியத்தின் குளிரில் இருக்கிறது. படலத்தின் காந்தத்தன்மை எவ்வளவு நுண்ணியதாக இருந்தாலும் அது உணர்ந்துவிடும். அவ்வளவு நுட்பமான கருவிக்குள் மாதிரியை இறக்குவது ஜூஸ் கடையில் கொடுக்கிற பிளாஸ்டிக் உறிஞ்சு குழலுக்குள் வைத்துத்தான். உலகம் முழுக்க அப்படித்தான் செய்கிறார்கள். அந்தப் பிளாஸ்டிக் தன் காந்தத்தன்மையை அளவீட்டில் கலக்காது.

முதல் முழு அளவீட்டை ஒரு ராத்திரி பார்த்துக்கொண்டே இருந்தேன். அறை வெப்பத்தில் தொடங்கி மெல்லக் குளிர்வித்தோம். தனி இரும்பாக இருந்தால் குளிரக் குளிரக் காந்தமாக்கம் கொஞ்சம் கூடி நின்றுவிடும். எங்கள் படலத்தில் அது இறங்கியது. மேலும் மேலும் இறங்கிச் சுழிக்குப் பக்கத்தில் வந்தது. பிறகு, இன்னும் குளிர்வித்தபோது மறுபடி ஏறியது. காந்தப் பொருள்கள் இரண்டைச் சேர்த்த படலம், ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் காந்தமே இல்லாதது போல நின்றது.

காரணம் இதுதான். இரும்பும் காடோலினியமும் தொடும் இடத்தில் இரும்பின் காந்தத்திசைக்கு நேர் எதிராகக் காடோலினியம் நிற்கிறது. காடோலினியத்தின் 4எஃப் எலக்ட்ரான்கள் அணுவுக்குள் ஆழத்தில் இருப்பதால் பக்கத்து அணுவைத் தொடுவதில்லை. அவற்றின் தூதுவர்கள் வெளிக்கூட்டில் இருக்கும் 5டி எலக்ட்ரான்கள். இவை உள்ளே 4எஃப்-உடன் ஒத்த திசையிலும், வெளியே இரும்பின் 3டி எலக்ட்ரான்களுக்கு எதிர்த் திசையிலும் நிற்கும். அறை வெப்பத்தில் காடோலினியம் வலுவிழந்து கிடக்கும். இரும்பின் கை ஓங்கியிருக்கும். குளிரக் குளிரக் காடோலினியம் தேறிவரும். அணு ஒன்றின் காந்த வலு இரும்புக்கு 2.2 போர் மேக்னெட்டான் என்றால், முழுவதும் குளிர்ந்த காடோலினியத்துக்கு 7.6. ஒரு கட்டத்தில் இரண்டும் சமம். பொங்கலுக்கு ஊரில் நடக்கும் கயிறு இழுக்கும் போட்டியில் இரு பக்கமும் சம பலமாக இழுத்தால் நடுவில் கட்டிய துணி அசையாது. கயிறோ அறுந்துவிடும்போல விறைத்து நிற்கும். ஈடுசெய் வெப்பநிலை என்று நாங்கள் சொல்வது அந்த நிலையை. வெளியிலிருந்து பார்க்கிறவருக்குச் சுழி; உள்ளே இரண்டு பெரிய காந்தமாக்கங்கள். இந்த வகைப் பொருளுக்கு ஃபெர்ரி காந்தம் என்று பெயர் வைத்து 1948-இல் விளக்கியவர் பிரெஞ்சு இயற்பியலாளர் லூயி நீல். 1970-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அடுக்குப் படலத்தில் இன்னொரு வினோதமும் உண்டு. 1987-இல் அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் காம்லி கணக்குப் போட்டுச் சொன்னார்: வெளிக் காந்தப்புலத்தைக் கூட்டிக்கொண்டே போனால் இரும்பும் காடோலினியமும் புலத்தின் பக்கம் திரும்பப் பார்க்கும், தொடும் இடத்திலோ இரண்டும் எதிரெதிராகவே இருக்க விரும்பும், அதனால் அணு அடுக்கு ஒவ்வொன்றும் கீழுள்ளதைவிடச் சற்றே திரும்பி, படலத்தின் ஆழம் முழுக்க ஒரு முறுக்கு உண்டாகும். பிறகு அது அளவீடுகளிலும் தெரிந்தது. என் படலங்களிலும் அதன் தடயம் தெரிந்தபோது, தாளில் கணக்காக இருந்த ஒன்று நான் செய்த பளபளப்புக்குள் நிஜமாக முறுக்கிக்கொண்டு நிற்கிறதே என்ற மகிழ்ச்சி என்னைத் தூங்கவிடவில்லை.

அப்பாவின் கேள்விக்கான பதில் மும்பையின் டிராம்பேயில் கிடைத்தது. ஸ்க்விட் கருவி மொத்தக் காந்தமாக்கத்தைச் சொல்லும். எந்த ஆழத்தில் எவ்வளவு என்று சொல்லாது. அதற்கு நியூட்ரான் வேண்டும். 1985-இல் இயங்கத் தொடங்கிய துருவா ஆராய்ச்சி உலையிலிருந்து வரும் நியூட்ரான்களை, சுழற்சி மேலே உள்ளவை, கீழே உள்ளவை என்று பிரித்துப் படலத்தின்மேல் மிகச் சாய்வாக விட வேண்டும். இரு வகையும் எவ்வளவு எதிரொளிக்கின்றன என்ற வித்தியாசத்திலிருந்து, படலத்தின் ஆழத்தில் காந்தமாக்கம் எப்படி மாறுகிறது என்று கணக்கிடலாம். இதில் காடோலினியம் ஒரு தொல்லை. நிலையான தனிமங்களில் வெப்ப நியூட்ரான்களை அதிகமாக விழுங்குவது அதுதான். ஆனால் படலம் சில நானோமீட்டர்தான் என்பதால் தப்பிக்கலாம். எண்ணிக்கை போதுமான அளவு சேர மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் உட்கார வேண்டும். 

கிடைத்த படம் தெளிவாக இருந்தது. அறை வெப்பத்தில், அதாவது தனிக் காடோலினியம் காந்தத்தன்மையைக் கைவிட்டுவிட்ட பிறகும், இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்த சில அணு அடுக்குகளில் மட்டும் காடோலினியம் ஒழுங்கோடு, இரும்புக்கு எதிர்த்திசையில் நின்றது. அதைத் தாண்டிய உட்பகுதி கலைந்து கிடந்தது. வேறு குழுக்கள் எக்ஸ் கதிர் முறைகளால் கண்டதும் இதையே. அன்று இரவு ஊருக்குப் போன் போட்டேன்.

“பிடிச்சு நிறுத்துதுப்பா. ஆனா ஓரத்துல மட்டும், நாலஞ்சு அணு அகலத்துக்கு. அதுவும் எதிர்ப்பக்கமாத் திருப்பி.”

“எதிர்ப்பக்கமா? ஏன்?”

எலக்ட்ரான் கூடுகளின் கதையை எஸ்.டி.டி. பூத்தில் நின்றுகொண்டு சொல்லி முடித்தபோது, நீளமாக வந்த பில்லைப் பார்த்து எனக்குத் துளியும் வருத்தமில்லை.

நான் சொல்ல வருவது இந்த ஓரத்தைப் பற்றித்தான். இரும்பை முழுதும் அறிந்தவரும் காடோலினியத்தை முழுதும் அறிந்தவரும் சேர்ந்து உட்கார்ந்தாலும் படலத்தின் நடத்தையைச் சொல்லிவிட முடியாது. அது இரண்டும் தொடுகிற அந்தச் சில அணு அகலத்தில் தீர்மானமாகிறது. அந்த இடம் கரடுமுரடாக இருந்தால் ஒரு நடத்தை, சீராக இருந்தால் வேறு நடத்தை, அணுக்கள் கலந்துவிட்டால் இன்னொன்று. அதனால்தான் இந்தத் துறையில் கணக்கும் வேண்டும், கை வேலையும் வேண்டும். நல்ல படலம் செய்யத் தெரிந்த கைகளை நான் மிக உயர்வாக மதிக்கிறேன்.

2005-இல் அப்பாவுக்குத் தலைசுற்றல் விடாமல் இருந்ததால் மதுரையில் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார்கள். காடோலினியம் ஊசி போடப்போகிறோம் என்று அங்கே சொன்னதும் அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். அதே ஏழு எலக்ட்ரான்கள்தான் காரணம். அவற்றின் காந்தத்தன்மை பக்கத்திலுள்ள நீர் மூலக்கூறுகளின் ஹைட்ரஜனைத் தூண்டிப் படத்தில் அந்த இடத்தைப் பளிச்சென்று காட்டுகிறது. தனி அயனியாக உடலுக்குள் விட்டால் நஞ்சு என்பதால் வேறொரு மூலக்கூற்றுக்குள் இறுகப் பூட்டித்தான் ஊசியில் ஏற்றுகிறார்கள். அந்த மையத்தில் படங்களைச் சேமிக்க வைத்திருந்தது தடித்த உறைக்குள் இருந்த காந்த–ஒளித் தட்டு. அதற்குள் இருப்பது டெர்பியம், இரும்பு, கோபால்ட் கலந்த மெல்லிய படலம். என் படலங்களுக்கு நெருங்கிய சொந்தம். ஒரே இடத்தில் இரண்டு அருமண் உலோகங்கள் அப்பாவுக்காக வேலை செய்தன. பயந்தபடி ஒன்றும் இல்லை என்று முடிவு வந்தது.

அந்தத் தட்டின் கதையில் ஒரு இந்தியர் இருக்கிறார். லூதியானாவில் பிறந்து, கரக்பூர் ஐ.ஐ.டி.யில் படித்து, அமெரிக்காவில் ஐ.பி.எம். ஆய்வகத்தில் சேர்ந்த பிரவீன் சௌத்ரி. 1973-இல் அவரும் ஜெரோம் கூமோ, ரிச்சர்ட் கேம்பினோ இருவரும், படிக ஒழுங்கே இல்லாத காடோலினியம்–கோபால்ட் படலத்தில் காந்தமாக்கம் தளத்துக்குச் செங்குத்தாக நிற்க முடியும் என்று காட்டினார்கள். சாதாரணமாக ஒரு மெல்லிய படலத்தில் காந்தமாக்கம் படுத்துத்தான் கிடக்கும். செங்குத்தாக நிற்கும் காந்தமாக்கத்தில் மேல், கீழ் என்ற இரு திசைகளையும் ஒன்று, சுழி என்று எழுதலாம். லேசர் ஒரு நுண்புள்ளியைச் சூடாக்கும். அந்த ஒரு கணத்தில் சிறிய புலம் ஒன்று அங்கே திசையை மாற்றிவிடும். ஆறியதும் அது உறைந்துவிடும். ஈடுசெய் வெப்பநிலை அறை வெப்பத்துக்கு அருகே இருக்கும்படி கலவையை அமைத்திருப்பதால், வெளியே எந்தக் காந்தம் வந்தாலும் பிடித்து இழுக்க நிகரக் காந்தமாக்கம் இருக்காது, பதிவு அழியாது. படிப்பதற்கு, 1877-இல் ஜான் கெர் கண்ட விளைவு: காந்தப் பரப்பில் எதிரொளிக்கும் ஒளியின் தளம் ஒரு டிகிரிக்கும் குறைவாகச் சுழல்கிறது. 1992-இல் சோனி வெளியிட்ட மினிடிஸ்க் வரை இந்த வகைப் படலம்தான் பயன்பட்டது. 1995-இல் அந்த மூவருக்கும் அமெரிக்காவின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் கிடைத்தது.

அருமண் என்றதும் தமிழ்நாட்டில் மணவாளக்குறிச்சியைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1909-இல் ஜெர்மானியர் ஷாம்பெர்க் அங்கே மோனசைட் மணலைக் கண்டார். 1950-இல் தொடங்கிய இந்திய அருமண் நிறுவனம் இன்றும் அங்கே மணலைப் பிரிக்கிறது. அந்த மணலில் செரியம், லாந்தனம், நியோடிமியம் போன்ற இலேசான அருமண்களே மிகுதி. காடோலினியம் சிறு பங்குதான். காந்தத்தில் இலேசானவைக்கும் கனமானவைக்கும் பெரிய வேறுபாடு உண்டு. காடோலினியம், டெர்பியம் போன்ற கனமானவை இரும்புக்கு எதிராக நின்று மொத்தத்தைக் குறைக்கும். நியோடிமியம் இரும்பின் பக்கமே நின்று கூட்டும். 1980-களில் வந்த நியோடிமியம்–இரும்பு–போரான் காந்தம் இவ்வளவு வலுவாக இருக்க அதுவும் ஒரு காரணம். மின்சார ஸ்கூட்டர் மோட்டாரிலும் காதில் மாட்டும் இயர்போனிலும் அந்தக் காந்தம்தான் இருக்கிறது.

நான் ஆய்வேட்டை எழுதி முடிக்கும் சமயத்தில், 2007-இல், நெதர்லாந்தின் நைமேகன் நகரிலிருந்து ஒரு செய்தி வந்தது. காடோலினியம்–இரும்பு–கோபால்ட் படலத்தின் காந்தத்திசையை, காந்தப்புலமே இல்லாமல், லேசர் ஒளித்துடிப்பால் மட்டும் அவர்கள் புரட்டிவிட்டார்கள். 2011-இல் அதன் உட்கதையும் தெரிந்தது. ஒளி பட்டதும் இரும்பு சுமார் 0.3 பிக்கோ நொடியில் காந்தமாக்கத்தை இழக்கிறது, காடோலினியம் 1.5 பிக்கோ நொடி எடுத்துக்கொள்கிறது. இந்த இடைவெளியில் எப்போதும் எதிரெதிராக நிற்கும் இரண்டும் ஒரு கணம் ஒரே திசையில் நிற்கின்றன. ஒரு பிக்கோ நொடி என்பது நொடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு. அந்த ஆய்வறிக்கையைப் படித்த அன்று, ஐஸ் பெட்டியில் அப்பா பார்த்த அந்த மெதுவான துண்டுக்குள் இவ்வளவு வேகம் ஒளிந்திருந்ததா என்று வியந்துபோனேன். இன்றைக்கும் இந்தப் படலங்களை வேகமான நினைவகங்களுக்காக உலகெங்கும் ஆராய்கிறார்கள்.

இப்போது நான் கல்லூரி ஒன்றில் பாடம் நடத்துகிறேன். கியூரி வெப்பநிலை பாடம் வரும்போது அந்தப் புட்டியையும் ஐஸ் டம்ளரையும் கொண்டுபோகிறேன். கரும்பலகையில் வரைபடம் போட்டுச் சொன்னபோது தலையாட்டிய பிள்ளைகள், துண்டு கண்ணாடியில் ஒட்டியதும் கேள்வி கேட்க ஆரம்பிக்கிறார்கள். சின்னக் காடோலினியத் துண்டு ஒரு கல்லூரி ஆய்வகம் வாங்கக்கூடிய விலைதான். மாவட்டத்திலுள்ள ஆசிரியர்கள் ஒவ்வொருவரும் ஒன்று வாங்கி வையுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். சென்னையிலுள்ள பிள்ளைகள் ஃப்ரிட்ஜில் வைத்துப் பார்ப்பதை நம் பிள்ளைகள் பஸ் ஏறி மலைக்குப் போய்ப் பார்க்கலாம்.

நிலக்கோட்டை, வத்தலக்குண்டு, சின்னாளபட்டிப் பக்கத்திலிருந்து கல்லூரிக்குப் போய் இயற்பியல் படிக்கும் பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். படலம் செய்யும் கருவியும் ஸ்க்விட்டும் நியூட்ரான் உலையும் நம் கல்லூரியில் இல்லையே என்று இந்தத் துறையை விட்டு விலகாதீர்கள். இந்தூரில் இருக்கும் கூட்டமைப்பு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட வசதிகளைப் பயன்படுத்துவதற்கென்றே உண்டானது. அதற்கு மும்பையிலும் கொல்கத்தாவிலும் மையங்கள் உண்டு, கல்பாக்கத்தில் ஒரு கிளையும் உண்டு. துருவா உலையின் நியூட்ரான்களுக்கு மும்பை மையம் வழியாகப் போகலாம். எந்தப் படலம், எந்த அளவீடு, அது எதற்கு என்று உங்கள் ஆசிரியரோடு உட்கார்ந்து தெளிவாக எழுதிக் கூட்டமைப்புக்கு அனுப்புங்கள்.